வரிப் பாக்கி கைமீறினால்: தவணையா, காணி விற்பதா, வங்குரோத்தா?

திருகோணமலையின் உப்புவெளியில் விருந்தினர் விடுதி, மத்திய வீதியில் இரும்புக்கடை, கொட்பேயில் பலநாள் படகு. தொழில் எதுவாக இருந்தாலும், கடன் முற்றியவர்கள் சட்டத்தரணியிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கோட்டில வங்குரோத்து எண்டு போட்டா வரியும் சேர்ந்து அழிஞ்சிடுமோ?" கனடாவில் இருக்கும் மச்சானோ லண்டனில் இருக்கும் சித்தப்பாவோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அவர்கள் நாட்டுச் சட்டத்தில் அது பெரும்பாலும் உண்மை. இங்கே அதை நம்பி இறங்குவது ஆபத்து.

வரிப் பாக்கி உள்ள ஒருவருக்கு இலங்கையில் நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் கால அவகாசம் கேட்டுத் தவணையில் கட்டலாம். நகையையோ காணியையோ பணமாக்கி ஒரேயடியாக முடிக்கலாம். கடனை அடைக்க வழியில்லை என்று மாவட்ட நீதிமன்றத்தில் வங்குரோத்து மனுப் போடலாம். எது பொருந்தும் என்பது கடனின் மொத்தத் தொகையில் இல்லை. அதற்குள் எது எவ்வளவு என்பதில் இருக்கிறது. உண்மையான வரி எவ்வளவு, தண்டம் எவ்வளவு, ஈடு வைத்த கடன் எவ்வளவு, வெறும் கையெழுத்துக் கடன் எவ்வளவு? இந்த நான்கையும் தனித்தனியாக எழுதாமல் எந்த வழியையும் தேர்வுசெய்ய முடியாது.

முதல் வேலை: தொகையைச் சரியாக்குவது

பயமுறுத்தும் வரிக் கடிதங்களில் பல, மதிப்பீடுகள். விபரத்திரட்டு (ஆண்டு வருமானத்தைக் காட்டும் வரிப் பத்திரம்) கொடுக்காதவருக்குத் திணைக்களம் தன்னிடமுள்ள தகவலை வைத்து ஒரு வருமானத்தை ஊகித்து வரி போடும். வங்கி வைப்பு, வாகனப் பதிவு, காணிக் கைமாற்றம் என்று தகவல் பல இடங்களிலிருந்து வரும். அந்த ஊகம் உங்கள் செலவுகளைப் பார்க்காது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நிலாவெளியில் சிறு விடுதி நடத்தும் ஒருவருக்கு 2023/24 மதிப்பீட்டாண்டில் செலவு போக 24 இலட்சம் ரூபா இலாபம். அந்த ஆண்டுக்குரிய விடுபடு தொகை (வரி இல்லாத பகுதி) 12 இலட்சம். மீதி 12 இலட்சத்தில் முதல் 5 இலட்சத்துக்கு 6%, அடுத்த 5 இலட்சத்துக்கு 12%, எஞ்சிய 2 இலட்சத்துக்கு 18%. மொத்த வரி 126,000 ரூபா. இவர் விபரத்திரட்டே கொடுக்கவில்லை, திணைக்களம் 60 இலட்சம் இலாபம் என்று மதிப்பிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வரி 1,278,000 ரூபாவாகிவிடும். பத்து மடங்கு! இந்த 12 இலட்சத்துச் சொச்சத்தைக் கடிதத்தில் பார்த்துவிட்டு "இனி வங்குரோத்துத்தான்" என்று முடிவெடுப்பவர், தனக்கில்லாத கடனுக்காக நீதிமன்றம் போகிறார்.

மதிப்பீட்டு அறிவித்தல் வந்தால் 30 நாட்களுக்குள் நிர்வாக மீளாய்வு கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். "தொகை கூட" என்று மட்டும் எழுதிய கடிதத்தால் பயனில்லை. எந்த வருமானம் தவறு, எந்தச் செலவு விடுபட்டது என்று ஒவ்வொன்றாகக் காரணம் காட்டி, அந்த ஆண்டின் விபரத்திரட்டையும் நிரப்பி இணைத்துக் கொடுங்கள். கடிதம் வந்த உறையை எறியவேண்டாம். தபால் முத்திரைத் திகதிதான் 30 நாள் கணக்குக்குச் சாட்சி. மீளாய்வு முடிவும் பாதகமாக வந்தால் 2011 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு இருக்கிறது. அதற்கும் 30 நாள்தான். கடிதங்களைத் தமிழிலேயே எழுதலாம். அதற்காக ஆங்கிலம் தெரிந்த ஆளைத் தேடி இரண்டு வாரத்தைக் கரைப்பது வீண்.

இனித் தண்டம். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் மதிப்பீட்டாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. இறுதிக் கொடுப்பனவு செப்டெம்பர் 30 இல், விபரத்திரட்டு நவம்பர் 30 இல். விபரத்திரட்டுப் பிந்தினால் இரண்டு கணக்குகளில் எது கூடுதலோ அதுவே தண்டம். ஒன்று, வரியில் 5 வீதமும் ஒவ்வொரு மாதத்துக்கும் மேலும் 1 வீதமும். மற்றது, 50,000 ரூபாவும் ஒவ்வொரு மாதத்துக்கும் மேலும் 10,000 ரூபாவும். உச்சம் 400,000 ரூபா. மாதத்தின் ஒரு நாளும் ஒரு மாதமாகவே எண்ணப்படும். சின்ன வியாபாரிக்கு எப்போதும் இரண்டாவது கணக்குத்தான் கூடுதலாக வரும்.

மேலே சொன்ன விடுதிக்காரர் 2023/24 விபரத்திரட்டை 2025 நவம்பர் 20 ஆம் திகதி கொடுக்கிறார் என்றால் பிந்தியது 12 மாதம். தண்டம் 170,000 ரூபா. வரியே 126,000 தான்! அதன்மேல் உரிய காலத்தில் கட்டாததற்கு 20 வீதம், அதாவது 25,200. வட்டி மாதத்துக்கு 1.5 வீதம், 2024 செப்டெம்பர் 30 இலிருந்து 14 மாதத்துக்குக் கூட்டு வட்டி சேர்க்காமல் பார்த்தாலும் 26,460. மொத்தம் 347,660 ரூபா. இடையில் கட்டவேண்டிய காலாண்டுத் தவணைகள் தவறியதற்கான கணக்கு இதில் இல்லை.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. பணம் இல்லாவிட்டாலும் விபரத்திரட்டைக் கொடுத்துவிட வேண்டும். "கட்டக் காசில்லை, அதனால் பத்திரமும் கொடுக்கவில்லை" என்பதுதான் இந்தக் கரையில் அதிகம் நடக்கும் தவறு. மாதம் 10,000 ரூபா அதற்கான விலை. அந்தக் கடிகாரம் உச்சத்தைத் தொட 35 மாதம் ஆகும். கொடுத்த நாளிலேயே நின்றுவிடும்.

நட்ட ஆண்டுகளுக்கும் கொடுக்கவேண்டும். ஈஸ்டர் தாக்குதல், கொரோனா, 2022 நெருக்கடி என்று அடுத்தடுத்து அடிபட்ட விடுதிகளுக்கு இது முக்கியம். வியாபார நட்டத்தை ஆறு ஆண்டுகள் வரை முன்கொண்டு சென்று பின்வரும் இலாபத்தில் கழிக்கலாம். விபரத்திரட்டில் காட்டாத நட்டத்தைப் பிறகு வந்து நிறுவுவது பெரும்பாடு. வங்கி உங்கள் வைப்பு வட்டியில் பிடித்த முற்பண வரியும் (2025 ஏப்ரல் முதல் 10 வீதம்) உங்கள் கணக்கில் வரவாகும். வங்கியிடம் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

தவணையில் கட்டுவது

தொகை சரியான பின்னும் கையில் பணம் போதாவிட்டால், பலருக்கும் பொருந்தும் வழி இது. நியாயமான காரணம் காட்டி எழுத்தில் விண்ணப்பித்தால் திணைக்களத்தின் தலைவரான ஆணையாளர் நாயகம் காலத்தை நீடிக்கலாம், தவணைகளுக்கும் அனுமதிக்கலாம். வட்டி நிற்காது. 126,000 ரூபா வரிக்கு மாதம் 1,890 ரூபா ஓடிக்கொண்டே இருக்கும். ஆனாலும் வங்கிக் கணக்கு முடக்கப்படுவதையும் சொத்துக் கைப்பற்றப்படுவதையும் விட இது எவ்வளவோ மேல்.

விண்ணப்பம் ஒரு பக்கக் கெஞ்சல் கடிதமாக இருந்தால் அடுத்த மேசைக்குக் கூடப் போகாது. வரி செலுத்துநர் அடையாள இலக்கம், ஆண்டுவாரியாக நீங்கள் ஏற்றுக்கொள்ளும் தொகை, தகராறு செய்யும் தொகை, ஆறு மாத வங்கிக் கூற்று, மாத வரவு செலவு, சொத்துப் பட்டியல், ஏனைய கடன்களின் மாதக் கட்டுப்பணம், இவற்றுக்குப் பின் உங்கள் தவணை அட்டவணை. முதல் தவணையைக் கட்டிய பற்றுச்சீட்டையும் இணைத்தால் கடிதத்துக்குக் கனம் கூடும்.

அட்டவணையில்தான் திருகோணமலைக்காரர் கவனமாக இருக்கவேண்டும். எல்லா மாதமும் ஒரே தொகை என்று எழுதவேண்டியதில்லை. நிலாவெளி, உப்புவெளிப் பருவம் ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கிச் செப்டெம்பரில் முடியும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்றும் மழையும். அறைகள் வெறுமை, புறாத்தீவுக்குப் படகும் ஓடாது. நடப்பாண்டு வருமான வரியின் காலாண்டுத் தவணைகளோ ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. இவற்றில் இரண்டு வெறும் கையோடிருக்கும் மாதங்களில் விழுகின்றன. எனவே பழைய பாக்கிக்கான தவணையை ஜூலை, ஆகஸ்ட், செப்டெம்பரில் பெரிதாகவும் மாரி மாதங்களில் சிறிதாகவும் போட்டுக் கேளுங்கள். ஏன் அப்படி என்று முந்தைய இரண்டு ஆண்டுகளின் மாதவாரி வரவைக் காட்டி விளக்குங்கள். கொழும்பில் இருந்து கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு எங்கள் பருவம் தெரிந்திருக்கவேண்டும் என்றில்லை. தென்கரையில் டிசம்பர்தான் உச்சம்.

தவணை முறிவது பெரும்பாலும் மூன்று விதத்தில். ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே கட்டவேண்டியதாகிவிடும். நாள் நெருங்கிய பின் அவகாசம் கேட்பதைவிட முன்கூட்டியே எழுதுவது பாதுகாப்பு. இரண்டாவது, பழைய பாக்கியை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு நடப்பாண்டுத் தவணையை மறப்பது. ஒரு குழியை மூடும் மண்ணை அடுத்த குழியிலிருந்து எடுப்பதுபோல. மூன்றாவது அற்பமானது, ஆனால் அடிக்கடி நடப்பது: கட்டுப்பணப் பற்றுச்சீட்டில் வரி வகைக் குறியீட்டையோ காலக் குறியீட்டையோ தவறாக எழுதுவது. பணம் வேறொரு ஆண்டில் வரவாகி நிற்கும், பாக்கி பாக்கியாகவே காட்டும். கட்டிய சில நாட்களில் திணைக்களத்தின் இணையச் சேவையில் நுழைந்து பணம் எந்த ஆண்டில் விழுந்தது என்று பாருங்கள். அது முடியாவிட்டால் திணைக்களத்தின் 1944 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். தவறியிருந்தால் பற்றுச்சீட்டுப் பிரதியோடு மாற்றக் கடிதம் கொடுக்கவேண்டும்.

தண்டத்தைக் குறைக்கும்படி கேட்டு எழுதலாம். மருத்துவச் சான்று, வெள்ளச் சேத அறிக்கை போன்ற சான்றுகளோடு கேளுங்கள். குறையும் என்று நம்பி அட்டவணை போடவேண்டாம்.

பணமாக்கி ஒரேயடியாக முடிப்பது

மாதம் 1.5 வீதம் என்பது, கூட்டு வட்டி சேர்க்காமல், ஆண்டுக்கு 18 வீதம். இதுதான் அளவுகோல். வங்கியில் நகை அடகுக்கோ தனிநபர் கடனுக்கோ இதைவிடக் குறைந்த வட்டி கிடைத்தால், கடன் வாங்கி வரியை முடிப்பதே மலிவு. ஊரில் மாதம் 3 வீதம், 5 வீதம் என்று கேட்கும் தனியார் வட்டிக்கு வாங்கி வரி கட்டுவது எந்தக் கணக்கிலும் சரிவராது. அப்படிச் செய்தவர்தான் அடுத்த ஆண்டு வங்குரோத்துப் பற்றி விசாரிப்பார்.

காணி விற்பதில் வேறு சிக்கல்கள். முதலில், அது விற்கக்கூடிய காணியா என்று பாருங்கள். கந்தளாய், மூதூர், தம்பலகாமம், குச்சவெளிப் பக்கங்களில் நிறையக் காணிகள் 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசிடமிருந்து அனுமதிப்பத்திரத்திலோ அளிப்பிலோ வந்தவை. பிரதேச செயலாளரின் சம்மதமின்றி அவற்றைக் கைமாற்றினால் செல்லாது. மறுபக்கத்தில் அதே சட்டம் ஒரு பாதுகாப்பும் தருகிறது: நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்ற அந்தக் காணியைக் கைப்பற்றி விற்கமுடியாது. ஆகவே கையில் உள்ள ஒரே சொத்து அளிப்புக் காணி என்றால், அதை அரைவிலைக்கு "கைச்சாத்து" எழுதிக் கொடுத்துக் கடனடைக்க அவசரப்படுவது முட்டாள்தனம். வாங்குபவருக்கு உறுதியும் இல்லை, விற்பவருக்கு நியாயமான விலையும் இல்லை.

உறுதிக் காணி என்றால் விற்பனையில் வரும் மூலதன இலாபத்துக்கும் வரி உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து தனிநபருக்கு அது 15 வீதம். 2017 செப்டெம்பர் 30 இற்கு முன்பே உங்களிடம் இருந்த காணி என்றால் அன்றைய சந்தைப் பெறுமதிதான் அடக்கவிலை. அன்று 40 இலட்சம் பெறுமதியான காணியை இன்று 70 இலட்சத்துக்கு விற்றால் 30 இலட்சம் இலாபத்துக்கு 450,000 ரூபா வரி. விற்று ஒரு மாதத்துக்குள் அதற்கான விபரத்திரட்டும் போகவேண்டும். பழைய வரிக்கு 4 இலட்சம் கட்ட விற்றவர், புதிதாக நாலரை இலட்சத்தைக் கணக்கில் வைக்காமல் முழுப் பணத்தையும் கடன்காரருக்குப் பங்கிட்டுவிடுவது சகஜம். மதிப்பீட்டாளர் ஒருவரிடம் 2017 செப்டெம்பர் 30 ஆம் திகதிக்கான பெறுமதி அறிக்கை எடுத்துவிட்டு விலை பேசுங்கள். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சொந்தமாயிருந்து, அதில் இரண்டு ஆண்டுகளாவது நீங்கள் குடியிருந்த பிரதான வீடு என்றால் இந்த வரி இல்லை. ஆனால் வரிக்கு விலக்கு உண்டு என்பதற்காகக் குடியிருக்கும் வீட்டை முதலில் விற்கச் சொல்வது நல்ல ஆலோசனை ஆகாது.

உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் இந்த இடத்தில் திரும்பிக் கடிக்கும். 70 இலட்சம் வாங்கி 35 இலட்சம் என்று எழுதினால், வங்கியில் விழுந்த மீதி 35 இலட்சம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். பதில் சொல்ல முடியாத வைப்பு, வருமானமாகப் பார்க்கப்படும். வெளிநாட்டுச் சகோதரர் உதவிக்கு அனுப்பும் பணத்துக்கும் வங்கிச் சீட்டுகளை எடுத்து வைத்திருங்கள், அதே காரணத்துக்காக.

வங்குரோத்து: எதைச் செய்யும், எதைச் செய்யாது

இலங்கையில் தனிநபர் வங்குரோத்துக்கு இன்றும் அடிப்படை 1853 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். நூற்றெழுபது ஆண்டு தாண்டிய சட்டம். நடைமுறையில் அரிதாகவே பயன்படுத்தப்படுகிறது. மாவட்ட நீதிமன்றத்தில் கடனாளியே மனுப் போடலாம், கடன் கொடுத்தவரும் போடலாம். நீதிமன்றம் வங்குரோத்தாளர் என்று தீர்த்ததும் சொத்துகள் பொறுப்பாளர் கைக்குப் போகும். கடன்காரர்கள் அமர்வுகளில் வந்து தங்கள் கடனை நிரூபிப்பார்கள். கடனாளி சத்தியத்தின் மேல் விசாரிக்கப்படுவார். நடத்தை நேர்மையாக இருந்தால் இறுதியில் சான்றிதழ் கிடைக்கும், அதுதான் விடுதலை.

கையெழுத்துக் கடன், சப்ளையர் கடன், வெறும் உறுதிமொழிப் பத்திரக் கடன் என்று பத்துப் பதினைந்து பேர் தனித்தனியே வழக்குப் போட்டு இழுக்கும் நிலையில் இந்த வழிக்கு அர்த்தம் உண்டு. எல்லாரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருகிறது, முந்தி வந்தவர் எல்லாவற்றையும் அள்ளிப்போவதைத் தடுக்கிறது.

ஈடு வைத்த வங்கியை அது நிறுத்துவதில்லை. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி வங்கி தன் சபைத் தீர்மானத்தோடு, நீதிமன்றம் போகாமலே ஈட்டுக் காணியை ஏலத்தில் விடலாம். அந்த ஆபத்து இருந்தால் வங்கியோடு கடனை மீளமைக்கப் பேசுவதுதான் வழி. வங்குரோத்து மனு அதற்கு மருந்தல்ல. பிணை நின்றவர்களையும் அது காப்பாற்றாது. நீங்கள் விடுதலை பெற்றாலும் உங்களுக்காக ஒப்பமிட்ட மைத்துனர் மாட்டிக்கொண்டே இருப்பார்.

வரி? பொருள்கோடல் கட்டளைச் சட்டத்தில் ஒரு பொதுவிதி உண்டு: ஒரு சட்டம் வெளிப்படையாகவோ தவிர்க்கமுடியாத உட்கிடையாகவோ சொல்லாவிட்டால், அது அரசின் உரிமையைப் பாதிக்காது. ஆகவே வங்குரோத்துச் சான்றிதழைக் காட்டினால் இறைவரித் திணைக்களம் விட்டுவிடும் என்று நம்பி மனுப் போடக்கூடாது. சொத்தைப் பொறுப்பேற்பவருக்கும் வரிச் சட்டத்தில் கடமை உண்டு. திணைக்களத்துக்கு அறிவித்து, வரிக்கான தொகையை ஒதுக்கிவைக்கவேண்டும். அதைச் செய்யாமல் பங்கிட்டால் பொறுப்பு அவர் தலையில் விழும். எனவே அவர் முதலில் கேட்பதே உங்கள் வரிக் கோப்பைத்தான்.

அதனால்தான் வங்குரோத்தைத் தேர்ந்தாலும் வரிப் பத்திர வேலை குறையாது, கூடும். மனுவுக்கு முன் எல்லா ஆண்டுகளின் விபரத்திரட்டுகளும் கொடுத்து முடிந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் திணைக்களம் ஊக மதிப்பீட்டையே கோரிக்கையாகக் கொண்டுவரும். மற்றக் கடன்காரருக்குப் போகவேண்டிய பங்கை அது தின்றுவிடும். ஐந்து ஆண்டுக் கணக்குப் புத்தகங்கள், பற்றுச்சீட்டுகள், வங்கிக் கூற்றுகள் கைவசம் இருக்கவேண்டும். சுனாமியிலும் போரிலும் உறுதிகள் தொலைந்த குடும்பங்கள் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கச் சில வாரங்களை முன்கூட்டியே ஒதுக்குங்கள். கடன் பட்டியலில் ஒவ்வொரு கடனுக்கும் திகதி, தொகை, ஈடு, பிணையாளர் நான்கும் வேண்டும். உறவினர் கடனை மட்டும் மனுவுக்கு முந்திய மாதம் அடைத்திருந்தால் அது கேள்விக்குள்ளாகும்.

சொத்தை மனைவி, பிள்ளை பெயருக்கு மாற்றுவது பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். திருமணத்தின்போது சீதனமாக மனைவி பெயரில் எழுதப்பட்ட வீடு அவருடையது. அவர் பிணையாகவோ ஈட்டிலோ ஒப்பமிடாதவரை கணவனின் கடனுக்கு அது போகாது. ஆனால் கடன் முற்றியபின் அவசரமாக எழுதிய நன்கொடை உறுதி வேறு. கடன்காரரை ஏய்க்கச் செய்த கைமாற்றம் என்று நீதிமன்றம் அதை ரத்துச் செய்யலாம், சான்றிதழும் அதனால் கெடும். திகதி எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

வங்கியோ சப்ளையரோ வியாபாரக் கடனில் ஒரு பகுதியை வெட்டி விட்டால், அந்த வெட்டு வியாபாரத்தின் வருமானமாகப் பார்க்கப்பட இடமுண்டு. இணக்கக் கடிதத்தில் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு வெட்டப்பட்டது என்று பிரித்து எழுதி வாங்குங்கள். விடுதலை பெறாத வங்குரோத்தாளர் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி பணிப்பாளராக இருக்கமுடியாது. பாராளுமன்ற உறுப்பினராகவும் முடியாது. பின்னையது பலருக்குப் பெரிய இழப்பல்ல. முன்னையது, மகனோடு சேர்ந்து கம்பனி ஒன்றைத் தொடங்கி மீளலாம் என்று நினைப்பவருக்கு அடி.

கனடா மச்சான் சொன்னது

கனடாவில் வருமான வரிக்கடனும் வங்குரோத்தில் நீங்கும். ஆனால் தனிநபர் வருமான வரிக்கடன் 200,000 டொலரோ அதற்கு மேலோ இருந்து, அது ஈடில்லாக் கடன்களில் 75 வீதமோ அதற்கு மேலோ என்றால் தானாக விடுதலை கிடையாது; நீதிமன்றம் போகவேண்டும். வங்குரோத்தான ஆண்டுக்கு இரண்டு விபரத்திரட்டுகள்: ஜனவரி 1 முதல் முந்திய நாள் வரை ஒன்று, பிறகு டிசம்பர் 31 வரை மற்றது. இங்கிலாந்தில் வருமான வரி பொதுவாகப் பன்னிரண்டு மாதத்தில் ஏனைய கடன்களோடு நீங்கும். 2020 டிசம்பரிலிருந்து வற் (பெறுமதி சேர்) வரிக்கும் ஊழியரிடம் பிடித்த வரிக்கும் பங்கீட்டில் முன்னுரிமை உண்டு. அமெரிக்காவில் மூன்று காலச் சோதனைகள்: விபரத்திரட்டின் கெடு முடிந்து மூன்று ஆண்டு, உண்மையில் கொடுத்து இரண்டு ஆண்டு, மதிப்பிட்டு 240 நாள். ஊழியரிடம் பிடித்துக் கட்டாத வரி அங்கே எந்த வங்குரோத்திலும் நீங்காது.

இந்த நாடுகளில், நீங்கும் கடன்களில் வரியும் எப்போது சேரும் என்பதற்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. இங்கே அப்படி எழுதப்படவில்லை. தனிநபரையும் உள்ளடக்கும் புதிய வங்குரோத்துச் சட்டத்துக்கான வரைவு வேலைகள் கொழும்பில் நடந்துவருகின்றன. வரைவை நம்பிக் காத்திருக்க முடியாது.

எதை முதலில் கட்டுவது

கையில் இருப்பது கொஞ்சம், கேட்போர் பலர் என்றால் வரிசை இது. வாடிக்கையாளரிடம் அறவிட்டுக் கட்டாத வற் வரி (2024 முதல் 18 வீதம்) எல்லாவற்றுக்கும் முன்னே. 2002 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க வற் சட்டத்தில் ஆணையாளர் நாயகம் நீதவானுக்குச் சான்றிதழ் அனுப்பி, பாக்கியைத் தண்டப்பணம்போல அறவிடலாம். கட்டாவிட்டால் சிறை வரை போகும். நீதவான் முன் நின்று "மதிப்பீடு பிழை" என்று வாதிட இடமில்லை. அதற்கான நேரம் முன்பே அந்த 30 நாட்களில் முடிந்துவிட்டது. அடுத்து ஊழியர் சேமலாப நிதி. தொழிலாளியிடம் பிடித்த 8 வீதமும் நீங்கள் சேர்க்கும் 12 வீதமும் பிந்தினால் மிகைவரி 50 வீதம் வரை ஏறும், அதுவும் நீதவான் நீதிமன்றத்துக்கே போகும். அதன்பின் வருமான வரி. வங்கிக் கணக்கில் இருப்பதைத் திணைக்களம் அறிவித்தல் மூலம் நேரே எடுக்கலாம், வெளிநாடு போவதைத் தடுக்கவும் முடியும். கட்டாருக்கோ டுபாய்க்கோ வேலைக்குப் போய்க் கடனடைக்கலாம் என்று நினைப்பவர் புறப்படும் முன்பே தவணை அனுமதியைக் கையில் எடுக்கவேண்டும். ஈடில்லாத் தனியார் கடன் கடைசி. அவர்கள் வீட்டு வாசலில் வந்து சத்தம் போடுவார்கள், ஆனால் அந்தக் கடன் வற் பாக்கிபோல நேரே நீதவானிடம் போகாது. வங்கியில் பணமில்லாமல் காசோலை எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு கதை; அதை முதலில் மீட்டெடுங்கள்.

மொத்தக் கடனில் பாதிக்கு மேல் வரியும் ஈட்டுக் கடனுமாக இருந்தால் வங்குரோத்து மனுவில் சட்டத்தரணிக் கட்டணமும் காலமும்தான் போகும். தவணைக்கு விண்ணப்பியுங்கள், வங்கியோடு தனியாகப் பேசுங்கள். வரி சிறிது, ஈடு ஏதுமில்லை, கையெழுத்துக் கடன்தான் மலைபோல் என்றால் வரியை முதலில் முழுதாக முடித்துவிட்டு, அதற்கான பற்றுச்சீட்டுகளோடு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். நகையிலோ உறுதிக் காணியிலோ 18 வீதத்துக்குக் குறைந்த செலவில் பணம் கிடைத்தால் இரண்டுக்கும் போகத் தேவையில்லை. கடையைப் பூட்டி வியாபாரப் பெயர்ப் பதிவை நீக்கினாலும் வரிக் கோப்பு தானாக மூடாது. திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவித்து அவர்கள் மூடியதாகக் கடிதம் தரும்வரை, வருமானம் பூச்சியம் என்றாலும் ஒவ்வொரு நவம்பர் 30 இற்கும் விபரத்திரட்டுக் கொடுக்கவேண்டும்.